மைக் அக்கா சொல்லாத சாட்சி

"சின்னவளே, ஒரு விஷயம் சொல்லப்போறேன். ஆனா நீ முகத்தை அப்படி வச்சுக்கக் கூடாது."

"எப்படி?"

"இப்ப வச்சிருக்கியே, அப்படி."

சின்னவள் முகத்தை மாற்றிக்கொண்டு நின்றாள்.

"இது அதைவிட மோசம். பழசே தேவலாம்," என்றாள் மைக் அக்கா. "சரி, இங்க வா. இந்த ரெண்டு பெட்டியையும் கேளு. எது கெட்டுப்போயிருக்கு, சொல்லு."

மேசைமேல் இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள் பக்கம் பக்கமாக நின்றன. இரண்டிலும் மைக் அக்காவின் குரல்தான். எப்போதோ பதிவு செய்து வைத்தது. "ஹலோ, ஹலோ, ஒன்னு, ரெண்டு, மூணு" என்று சலிக்காமல் எண்ணிக்கொண்டிருந்தது.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே கேக்குது?"

"காதைத் தீட்டிக்கிட்டுக் கேளு."

"தீட்டிக்கிட்டுத்தான் கேக்கறேன். ஒண்ணும் கெடலையே அக்கா."

"அதேதான்! ஆனா போன மாசம் ஒரு நாள் பூரா இந்த வலது பெட்டியோட மல்லுக்கட்டினேன். சத்தம் மந்தமா இருந்துச்சு. வயரை மாத்தினேன். உள்ள இருக்கிற கூம்பை மாத்தினேன். கடைசில பெட்டியையே தூக்கிட்டு வேற பெட்டி வச்சேன். அதுவும் மந்தம்! சரி, இது விளங்காதுன்னு அலுத்துப்போய் அப்படியே திரும்பி நின்னேன் பாரு, பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. இப்ப இடது பெட்டி மந்தமாயிடுச்சு!"

"அதெப்படி?"

"எனக்கும் கொஞ்ச நேரம் புரியல. அப்புறம்தான் உறைச்சுது. பழுது பெட்டியில இல்லடி. எங்கிட்ட. இந்தக் காதுல."

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். குழாய் மாதிரி ஒரு மிஷினுக்குள்ள படுக்க வச்சுப் படம் எடுத்தாங்க. அது போடற சத்தம் இருக்கே, அப்பப்பா! நம்ம கடைக்குக் கொண்டுவந்திருந்தா கையோட சரி பண்ணிக் குடுத்திருப்பேன்."

"படத்துல என்ன இருந்துச்சு?"

"காதுக்குப் பின்னாடி, உள்ள போற நரம்புல ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லையாம். அதுக்காக நல்ல கட்டியும் இல்லையாம். வளருதாம். தலையைத் திறந்துதான் எடுக்கணுமாம். எடுத்தா அந்தக் காது போயிடும், வாய் கொஞ்சம் கோணிக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"எடுக்கலன்னா?"

மைக் அக்கா கையை நீட்டிப் பெட்டிகளை அணைத்தாள். எண்ணிக்கொண்டிருந்த குரல் பாதி எண்ணில் நின்றது.

"இப்ப உன் முகத்தை எப்படி வேணும்னாலும் வச்சுக்கோ," என்றாள்.

இந்தப் பேச்சை மைக் அக்கா இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நடித்துக் காட்டுகிறாள். சின்னவளைத் தன் இடப்பக்கம் உட்காரவைத்துக்கொண்டு, சின்னவளின் பேச்சையும் தானே பேசி, அந்த முகத்தையும் தானே செய்து காட்டுவாள். ஆகவே அவள் பிழைத்தாளா என்று யாரும் பதற வேண்டாம். பதற வேண்டிய விஷயம் வேறு. அவள் அந்த அறுவை சிகிச்சைக்குப் போவாளா மாட்டாளா என்பதுதான் அப்போது வீட்டையே ஆட்டிவைத்த கேள்வி. அதற்குப் பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலயம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கையில், ஒருவருடைய மறதியால் கிடைத்தது. அந்த மறதி மட்டும் நேராமல் இருந்திருந்தால்! சின்னவளுக்கு இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்த்துப்போகும்.

மைக் அக்காவும் சின்னவளும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் கீழ்வீட்டில், தம்பியைக் கட்டியவள் மாடியில். சின்னவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். வாய் திறந்து பேசுவது அபூர்வம். நாய்க்குப் பயம், மின்தூக்கிக்குப் பயம், வேளைகெட்ட வேளையில் போன் அடித்தால் பயம். கல்யாணமாகி வந்த புதிதில் மாடிப்படியில் பல்லி இருக்கிறது என்று கீழே இறங்காமல் நின்றவளை, "அது உன்னைப் பாத்துப் பயந்துபோய் அதோட அம்மாவைத் தேடுதுடி, வா" என்று கைப்பிடித்து இறக்கிவிட்டவள் அக்கா. அன்றிலிருந்து அக்காவின் தைரியத்தில்தான் சின்னவளின் பிழைப்பு ஓடியது. தனக்கென்று தனியாகத் தைரியம் சேர்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அக்காவின் கடை ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. உள்ளே நிமிர்ந்தால் தலை இடிக்கும். சுவரெல்லாம் வயர்ச் சுருள்கள், கிழிந்த கூம்புகள், வாய் பிளந்த மைக்குகள். ஈயம் உருகும் வாசனை அவள் புடவையோடு வீட்டுக்கும் வரும். கூட்டத்துக்கு மைக் செட் வேண்டுமென்றாலும், பாட்டுப் பெட்டி ஊமையாகிவிட்டது என்றாலும் அவளிடம்தான் வருவார்கள். அவளுடைய சொந்தப் பெயரை வீட்டிலேயே மறந்துவிட்டார்கள். கட்டிய கணவரே, "மைக் எங்க?" என்றுதான் கேட்பார். அவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அது அதிகம்.

ஆலயத்தில் ஒலிக்கருவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவளுடையதுதான். அந்த வேலை அவளுக்கு வந்த கதை சபைக்கே தெரியும். போதகர் ஐயா சட்டைக் கழுத்தில் குட்டி மைக் ஒன்றை மாட்டிக்கொண்டு பேசுபவர். இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு சிவப்பு விளக்கு. பேசி முடித்ததும் அதை அணைக்க வேண்டும். அணைக்க மாட்டார். ஒருமுறை எல்லோரும் தலைகுனிந்து மௌனமாக ஜெபித்துக்கொண்டிருக்கும்போது, ஐயா பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சிறிய அறைக்குள் போய்ச் செருப்புக் கடைக்காரருக்குப் போன் போட்டிருக்கிறார். "தம்பி, நேத்து ஒரு ஜோடி குடுத்தியே, ரெண்டும் இடது காலுக்கே வருதேப்பா!" என்ற முறையீடு ஆலயத்தின் நாலு மூலையிலும் எதிரொலித்தது. ஜெபம் அம்போவென்று போயிற்று. மறுவாரமே மைக் அக்கா பின்வரிசையில் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஐயா பீடத்தை விட்டு இறங்குவதற்குள் அவருடைய மைக்குக்கான குமிழைக் கீழே இறக்கிவிடுவாள். ஐயாவும் நிம்மதியாக மறந்துகொண்டே இருந்தார்.

அவள் மேசைமேல் இருக்கும், மிக்சர் என்று அவள் சொல்லும் கருவியில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒன்றாக வரிசையாகக் குமிழ்கள் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் வெள்ளை ஒட்டுத்தாளில் பெயர் எழுதியிருப்பாள். ஆளுடைய பெயர் அல்ல, அவளாக வைத்த பெயர். அதை யாருக்கும் காட்டமாட்டாள்.

சரி, கட்டிக்கு வருவோம்.

மருத்துவமனையில் தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதிக்கு முதல்நாள் அக்காவுக்கு ஜலதோஷம். தள்ளிப்போட்டார்கள். ஜலதோஷம் போன பிறகு கடையில் அவசர வேலை. அப்புறம், இடது காதுக்கு ஒன்றும் இல்லையே, ஒரு காது போதாதா என்று ஒரு வாதம். கணவர் ஒரு பையில் துணியும் புதுச் செருப்பும் எடுத்துவைத்துக் கட்டிலடியில் தயாராக வைத்தார். அக்கா அந்தப் பையைத் தினமும் விளக்குமாற்றால் இன்னும் உள்ளே தள்ளிவிட்டுக் கூட்டினாள்.

டாக்டர் அம்மா கடைசியாக ஒரு புதன்கிழமையைச் சொன்னார். "கட்டி மூளைத்தண்டைத் தொடற அளவுக்கு வந்துடுச்சும்மா. இதையும் விட்டுட்டா அப்புறம் நான் கை வைக்கவே யோசிப்பேன்" என்றார். சின்னவள்தான் கூடப் போயிருந்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடி அதிர்வதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஸ்தோத்திரத்தம்மா வீட்டுக்கு வந்தாள். மூச்சுக்கு முன்னூறு முறை ஸ்தோத்திரம் சொல்வதால் அந்தப் பெயர். பெண்கள் ஜெபக்குழுவின் தலைவி. யார் வீட்டில் நோய் என்றாலும் முதலில் நிற்பாள், கடைசியில்தான் போவாள். நல்ல மனசு. ஆனால் அவளிடம் ஒரு சட்டம் இருந்தது.

"பயம்ங்கிற வார்த்தையே வாயில வரக் கூடாது. வந்தா பிசாசுக்கு வாசலைத் திறந்துவிட்ட மாதிரி. சுகம் கிடைச்சாச்சுன்னு நம்பணும். நம்பினா மட்டும் போதாது, முன்கூட்டியே சாட்சி சொல்லிடணும். வர்ற ஞாயிறு ஆராதனையில நீ எழுந்து நின்னு, ‘ஆண்டவர் என்னைச் சுகமாக்கிட்டாரு, எனக்குக் கத்தி வேண்டாம்’னு சொல்லு. கட்டி தன்னால கரையும். ஸ்தோத்திரம்!"

கூட வந்திருந்த ஜெபக்குழுப் பெண்கள் எல்லாருமாகக் கைதட்டினார்கள். மைக் அக்கா சரியென்று தலையாட்டினாள். ஆட்டிய வேகம் சின்னவளுக்குப் பிடிக்கவில்லை. பரீட்சை ரத்தாகிவிட்டது என்று கேட்ட பிள்ளை தலையாட்டுவதுபோல் இருந்தது அது.

அன்று மாலை கடையில் அக்கா ஈயம் பற்றவைக்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டாள்.

"அக்கா, புதன்கிழமை..."

"விசுவாசம் இருக்கிறவளுக்கு எதுக்குடி கத்தி?" என்று எரிந்து விழுந்தாள். சின்னவளிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை.

சின்னவள் மாடிக்குப் போய் யோசித்தாள். யோசிக்க யோசிக்க விஷயம் பூதமாக வளர்ந்தது. சாட்சி சொல்லிவிட்டால் அப்புறம் அக்காவால் மருத்துவமனைப் பக்கமே தலைவைக்க முடியாது. போனால் சபைக்கு முன் பொய் சொன்னவள் ஆகிவிடுவாள். சொல்லாமல் விட்டால் விசுவாசமில்லாதவள். புதன்கிழமை கைநழுவிப் போகும். எழுந்து நின்று இதைத் தட்டிக்கேட்கத் தனக்கு வாயுண்டா? அதுவும் ஸ்தோத்திரத்தம்மாவுக்கு எதிரில்! ‘ஆண்டவரே, நீங்களே ஏதாவது பண்ணுங்க, என்னை மட்டும் பேசவைக்காதீங்க’ என்று வேண்டிக்கொண்டாள். இதைவிடக் கோழைத்தனமான ஜெபத்தை அவள் செய்ததில்லை.

ஞாயிறு வந்தது. ஆலயம் வழிந்தது. சாட்சி என்றால் சும்மாவா? பக்கத்துச் சபையிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். பாட்டு முடிந்தது, பிரசங்கம் முடிந்தது. சபையாரைச் சற்று நேரம் மௌனமாக ஜெபிக்கச் சொல்லிவிட்டு, போதகர் ஐயா பின்வரிசைக்கு வந்து, "சாட்சிக்கு முன்னாடி உள்ள வாம்மா, தனியா ஒரு ஜெபம் பண்ணிடுவோம்" என்று மைக் அக்காவை அழைத்தார்.

அக்கா எழுந்தாள். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. சின்னவளைத் தன் நாற்காலியில் இழுத்து உட்காரவைத்து, "எதையும் தொடாதே. என்ன ஆனாலும் எதையும் தொடாதே" என்று சொல்லிவிட்டு ஐயாவின் பின்னால் போனாள். மிக்சரின் முன்னால் உட்கார்ந்த இத்தனை காலத்தில் அந்த ஒரே ஒரு நாள்தான் ஐயாவின் குமிழை இறக்க அவள் மறந்தாள்.

சிறிய அறையின் கதவு சாத்திய சத்தம் ஆலயம் முழுக்க இடித்தது.

அப்புறம் துணி உரசும் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். "உக்காரும்மா. தண்ணி குடிக்கிறியா?" என்று ஐயாவின் குரல், மேலே மாட்டியிருந்த அத்தனை பெட்டிகளிலிருந்தும். குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன. சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். இன்றைக்கு எந்தச் செருப்போ!

"தண்ணி வேண்டாம் ஐயா," என்றது மைக் அக்காவின் குரல். "நான் இந்தச் சாட்சியைச் சொல்லல."

சிரிப்பு நின்றது.

"ஏம்மா?"

"பொய் ஐயா."

"கட்டி இன்னும் இருக்கேன்னு யோசிக்கிறியா?"

"கட்டி நிஜம்தான் ஐயா. விசுவாசம்தான் பொய். விசுவாசத்தால நான் ஆஸ்பத்திரிக்குப் போகலன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. நான் பயத்துல போகல. தலையைத் திறப்பாங்கன்னு நினைச்சாலே கால் துவண்டுபோயிடுது. பயமா இருக்குன்னு சொன்னா, ‘ஒண்ணுமில்ல, வா’ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடுவாங்க. விசுவாசம்னு சொன்னா ஒருத்தரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க. அதான் அதுக்குள்ள போய் ஒளிஞ்சுகிட்டேன். இந்த வாரம் பூரா ஆண்டவர்கிட்டகூட நான் பேசல ஐயா. பேசினா கண்டுபிடிச்சுடுவாரேன்னு."

சின்னவள் மிக்சரைப் பார்த்தாள். எதையும் தொடாதே என்று சொன்னாளே! தொடாமல் எப்படி? எத்தனை குமிழ்! ஐயாவுடையது எது? குனிந்து ஒட்டுத்தாள்களைப் படித்தாள். ‘இடி’ என்று ஒன்று. ‘கொசு’ என்று ஒன்று. ‘அழுமூஞ்சி’ என்று ஒன்று. கடைசியில், ஓரத்தில், ‘மறதி’. இதுதான்! இதுவேதான்! விரலை அதன்மேல் வைத்தாள். ஆண்கள் வரிசையில் அக்காவின் கணவர் எழுந்து நின்றிருந்தார். அந்தப் பெரிய உடம்பு ஆடியது. ஸ்தோத்திரத்தம்மா சிலையாக உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு இழுப்பு, எல்லாம் அடங்கிவிடும்.

"நானும் ஒன்னு சொல்லணும்மா," என்றது ஐயாவின் குரல். "யார்கிட்டயும் சொல்லிடாதே."

சின்னவளின் விரல் அப்படியே நின்றது.

"நான் ஆஸ்பத்திரிக்கு வந்து எல்லாருக்கும் ஜெபம் பண்றேனே, வார்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி மாடிப்படி திருப்பத்துல நின்னுடுவேன். கால் வராது. எங்க அண்ணன் அப்படி ஒரு வார்டுலதான் போனாரு. ‘ஆண்டவரே, இன்னிக்கு வேண்டாம், நான் திரும்பிப் போயிடறேன்’னு சொல்லுவேன். ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன்."

"நீங்களா ஐயா?"

"நானேதான்."

"அப்புறம் எப்படி உள்ள வர்றீங்க? பயம் போயிடுமா?"

"எங்க போகுது? அதுவும் கூடவே வருது. ஏம்மா, சிலுவைக்குப் போறதுக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல நம்ம ஆண்டவர் என்ன பண்ணாரு? எனக்குப் பயமே இல்லன்னு சொன்னாரா? வேர்த்துக் கொட்டுச்சு. இது எனக்கு வேண்டாமேன்னு கேட்டாரு. போய்ப் போய்த் திரும்பக் கேட்டாரு. கூட வந்தவங்ககிட்ட, கொஞ்சம் முழிச்சிருங்களேன்னு கெஞ்சினாரு. நாம வேதத்துல அந்த இடம் வந்தா வேகவேகமா வாசிச்சுட்டுத் தாண்டிப் போயிடறோம். நான்தான் முதல் ஆளா தாண்டிடறேன்."

"அவருக்கே அப்படி இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. அதை மறைக்காம அப்பாகிட்டயே போய்ச் சொன்னாரு. சொல்லிட்டு, நடுங்கிக்கிட்டே..."

ஐயாவின் குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் எல்லாப் பெட்டிகளிலும் கேட்டது.

"ஐயா, அழாதீங்க ஐயா. இன்னிக்கு நான்தானே அழணும்?" என்றாள் மைக் அக்கா.

ஆலயத்தில் யாரோ விசும்பினார்கள். யாரோ சிரித்தார்கள். இரண்டும் ஒரே ஆளா என்றுகூடத் தெரியவில்லை. சின்னவள் ‘மறதி’யின்மேலிருந்து விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. அக்கா வெளியே வந்தாள். அத்தனை பேரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தாள். திரும்பி ஐயாவின் இடுப்பைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. ஐயா அதன்மேல் கையை வைத்துப் பொத்தினார், நெருப்பை அணைப்பதுபோல. காலம் கடந்திருந்தது.

"சின்னவளே!" அந்தக் குரலுக்கு மைக்கே தேவைப்படவில்லை. "என்னடி பண்ணிட்டிருந்தே?"

"நீங்கதானே எதையும் தொடாதேன்னு சொன்னீங்க!"

சின்னவள் தன் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. ஆலயமே வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்கும் முன் ஸ்தோத்திரத்தம்மா எழுந்து நடுவழிக்கு வந்தாள். சின்னவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். போச்சு, அக்காவைக் கிழித்துத் தொங்கவிடப்போகிறாள்!

"எல்லாரும் என்னைப் பாக்கறீங்க," என்றாள் ஸ்தோத்திரத்தம்மா. "இவளை நான் திட்டுவேன்னு நினைக்கிறீங்க. எங்க வீட்டுக்காரர் போனதுலேருந்து நான் ரேடியோவை நிறுத்தினதே இல்ல. தெரியுமா உங்களுக்கு? குளிக்கப் போனாலும் அது பாடணும். வீடு சும்மா இருந்தா எனக்கு மூச்சு முட்டுது. பயம்னு சொல்லக் கூடாது, சொல்லக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி..." ஸ்தோத்திரம்கூட வரவில்லை. மைக் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அவ்வளவுதான். அணை உடைந்த மாதிரி ஆயிற்று. விபத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை வேர்க்கிறது என்றார் ஒரு லாரிக்காரர். நிறைமாதப் பெண்ணொருத்தி இருந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கினாள், "எனக்கும் புதன்கிழமைதான் தேதி!" என்று. பல் பிடுங்கப் பயந்து வருஷக்கணக்காக ஒரு பக்கமாகவே மெல்லுகிறேன் என்றார் ஆலயத்துக் கணக்கர். அதற்கும் ஒரு சிரிப்பு. ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் எழுந்தார். இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, நலமா என்றால் நலமே என்று சொல்லிக்கொண்டிருந்த சனமா இது? கல்யாண வீடுபோல் இரைச்சல். அழுத கண்ணும் சிரித்த வாயுமாக ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அப்படி ஒரு ஆராதனையை அந்தச் சபை அதற்கு முன் பார்த்ததில்லை.

மைக் அக்கா பீடத்துக்குப் போய் மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாத்தையும்தான் கேட்டுட்டீங்களே, நான் என்ன புதுசா சொல்ல? புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறேன். பயமா இருக்கு. எனக்காக வேண்டிக்குங்க. சாட்சி—"

‘கீ’ என்று பெட்டிகள் வீறிட்டன. எல்லோரும் காதைப் பொத்தினார்கள்.

"சின்னவளே, அந்தக் ‘கொசு’வைக் குறைடி!"

பாடகர் குழுவின் முதல் வரிசையில் நின்ற மெலிந்த குரல்காரர், சின்னவள் குமிழை இறக்கியதும் அடங்கியது தன்னுடைய மைக்தான் என்று கண்டு மெதுவாகத் திரும்பினார். "என்னையா கொசுங்கறீங்க?" என்றார். அதோடு சாட்சி முடிந்தது.

புதன்கிழமை காலை, சின்னவளும் அக்காவின் கணவரும் அவளை அழைத்துப்போனார்கள். கட்டிலடியிலிருந்து பையை அக்காவே இழுத்து எடுத்தாள். மருத்துவமனைக் கூடத்தில் ஏற்கெனவே சபையில் பாதி உட்கார்ந்திருந்தது. ஸ்தோத்திரத்தம்மா ரேடியோ இல்லாமல், கையை என்ன செய்வது என்று தெரியாமல் வந்திருந்தாள். போதகர் ஐயா மாடிப்படி திருப்பத்தில் நின்றுவிட்டார். இந்த முறை அவர் எதற்காக நிற்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. லாரிக்காரர் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் இருவருமாக ஏறி வந்தார்கள்.

அன்று கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். வலது காது போயிற்று, சொன்னபடியே. வாயின் வலது ஓரம் பல மாதம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "பாதிச் சிரிப்புதான் இருக்கு, பங்கு போட்டுக்குங்க" என்று பார்க்க வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பயம் விட்டதா என்று கேட்டவர்களிடம், "எங்க விட்டுது? அடுத்த படம் எப்ப எடுப்பாங்களோன்னு இப்பவே ஆரம்பிச்சுடுச்சு. ஆனா இப்ப ஆண்டவர்கிட்ட பேசறேன்" என்றாள்.

அந்தப் புதன்கிழமை காலையில், உள்ளே போவதற்கு முன், அறுவை அறையின் கதவுக்கு முன்னால் தள்ளுகட்டில் ஒரு நிமிடம் நின்றது. நர்ஸ் உள்ளே எதற்கோ போயிருந்தாள். தலைமுடியின் ஒரு பக்கத்தை மழித்துவிட்டிருந்தார்கள். மெல்லிய பச்சைத் துணியின் கீழ் அக்காவின் முழங்கால்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. கணவர் எட்ட நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவள் அக்காவின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். பயப்படாதீங்க என்று சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை.

"சின்னவளே, குனி."

சின்னவள் குனிந்தாள்.

"வெளியில உக்காந்து எனக்காக ஜெபம் பண்ணுவதானே?"

"பண்ணுவேன் அக்கா."

"அப்ப எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணு. அக்கா தைரியமா இருக்காங்கன்னு மட்டும் ஆண்டவர்கிட்ட சொல்லிடாதே. நல்லா நடுங்கிக்கிட்டுத்தான் உள்ள போறாங்கன்னு சொல்லு. நான் தைரியமா இருக்கேன்னு நம்பி, அவரு என்கூட உள்ள வராம வாசல்லயே நின்னுடப்போறாரு."